பலாலி விமானத் தளமும் நாமும்

பெரிய விமான நிலையங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். ஜித்தாவில் ஹாஜிமார் வந்து இறங்கும் கூடாரக் கூரைகளையும், துபாயின் பளிங்குத் தளங்களையும், சிங்கப்பூரின் பூந்தோட்டங்களையும் வியந்து எழுதாத பிரயாணி அரிது. ஆனால் ஓர் ஓடுபாதையும் ஒரு சிறு கட்டடமும், நாளில் ஓரிரு விமானங்களும் மட்டுமே கொண்ட சிற்றூர் விமான நிலையத்தைப் பற்றி எழுத எவருக்கும் தோன்றுவதில்லை. அங்கே வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். வியப்பதற்கு அதிகம் இல்லைதான்; நினைப்பதற்கு நிறைய இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகோடியில், நகரிலிருந்து ஏறத்தாழ பதினாறு கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள பலாலி விமானத் தளம் அத்தகையது. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்பது அதன் இன்றைய பெயர். அதன் வரலாற்றையும் வசதிகளையும், அதனோடு பின்னிக் கிடக்கும் மனிதர் வாழ்வையும் நாம் அறிந்த அளவில் இங்கே எழுதுகிறோம்.

பலாலி ஒரு விவசாயக் கிராமம். வலிகாமம் வடக்கின் செம்மண் புகழ்பெற்றது. வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளையும் தோட்டங்கள். கிணற்றை நம்பிய பாசனம். வரம்புக்கு வரம்பு பனைகள். அந்தச் செம்மண்ணின் கீழே கெட்டியான சுண்ணாம்புக்கல் படிந்திருக்கிறது. கல்லும் சமதரையும் கடலண்மையும் ஒருங்கே அமைந்த இவ்விடத்தின் மீது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ஆகாயப் படையின் கண் விழுந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின் மீதும், 9ஆம் நாள் திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. வங்காள விரிகுடாவையும் இந்து மகா சமுத்திரத்தையும் காவல் காக்க, இலங்கையெங்கும் விமானத் தளங்கள் எழுந்தன. கொக்கலை, சீனன்குடா, சிகிரியா, வவுனியா என்ற வரிசையில் பலாலியும் சேர்ந்தது. அந்நாளில் அது காங்கேசன்துறைத் தளம் என்றே அழைக்கப்பட்டது. லிபரேட்டர் எனும் நான்கு எஞ்ஜின் விமானங்கள் அங்கிருந்து புறப்பட்டு, மணிக்கணக்கில் கடல் மேல் பறந்து ரோந்து செய்தன. எங்கோ எரிந்த போருக்காக உழவனின் தோட்டத்தில் ஓடுபாதை விழுந்தது. அந்த நிலத்தின் தலையெழுத்தில் போர் எனும் சொல் முதன்முதலாக எழுதப்பட்ட தருணம் அதுவே எனலாம்.

போர் முடிந்தது. வெடிமருந்துக்காக அமைத்த பாதையில் மனிதர்கள் பிரயாணம் செய்யத் தொடங்கினர். 1938இலேயே டாட்டாவின் தபால் விமானம் சென்னையிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானைக்கு வந்து இறங்கியிருந்தது. ஆயினும் இலங்கைக்கென்று ஒரு விமான சேவை தோன்றியது 1947இல்தான். அக்காலத்தில் போக்குவரத்து அமைச்சராயிருந்த சேர் ஜோன் கொத்தலாவலையின் முயற்சியால் ஏர் சிலோன் உருவாயிற்று. 1947 டிசம்பர் 10ஆம் நாள் அதன் முதல் சேவை புறப்பட்டது. இரத்மலானையிலிருந்து எழுந்த டக்கோட்டா விமானம் காங்கேசன்துறையில், அதாவது நமது பலாலியில், இறங்கி, பின்னர் சென்னை சென்று சேர்ந்தது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, அந்நாட்டின் முதல் விமானப் பாதையில் யாழ்ப்பாணம் இடம்பெற்றுவிட்டது என்பது சிறிய செய்தியன்று. திருச்சிக்கும் பின்னர் சேவை ஏற்பட்டது.

அந்த டக்கோட்டாவை நாம் சிறு வயதில் பார்த்திருக்கிறோம். வால் தரையைத் தொட, மூக்கு வானத்தை நோக்க அது நிற்கும். பின்புறக் கதவால் ஏறியவர்கள் தம் இருக்கைக்குப் போக, மேடு ஏறுவதுபோல் நடந்து செல்ல வேண்டும். உறவினர் ஒருவரை வழியனுப்புவதென்றால் சோனகத் தெருவிலிருந்து ஒரு குடும்பமே காரில் அடைந்து புறப்படும். போகிறவர் ஒருவர், ஓதி ஊதி அனுப்ப உம்மம்மா, சாமான் எண்ண உம்மா, காசு எண்ண வாப்பா, வேடிக்கை பார்க்க நாம். புழுக்கொடியலும் பனங்கட்டியும் கட்டிய பொதி கட்டாயம் இருக்கும். அக்கரையில் நாகூர்க் கந்தூரிக்குப் போவோரும், துணி கொள்முதலுக்குப் போவோரும், பெண் பார்க்கப் போவோரும் அவ்வாறே வழியனுப்பப்பட்டனர். வசதி குறைந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேசுவரத்துக்கு அந்தக் கப்பல் ஓடியது. கப்பலோ விமானமோ, அக்கரை என்பது நம் மக்களுக்கு அந்நிய தேசமாகத் தோன்றியதில்லை. கீழக்கரையும் காயல்பட்டினமும் நாகூரும் யாழ்ப்பாணச் சோனகர்க்குக் கொள்வினை கொடுப்பினை உள்ள இடங்கள். ஆலிம்களும் புலவர்களும் வணிகர்களும் அந்நீரைக் கடந்து வந்துகொண்டே இருந்தனர்.

அப்படிப்பட்ட யாழ்ப்பாணத்து மண்ணிலேதான் 1911இல் ஏ. எம். ஏ. அஸீஸ் பிறந்தார். இந்துக் கல்லூரியில் பயின்று, இலங்கை சிவில் சேவையில் முதல் முஸ்லிமாக நுழைந்து, பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கிய பெருமகன் அவர். முஸ்லிமின் தமிழும் இந்துவின் கல்விக்கூடமும் ஒன்றுக்கொன்று ஆதரவாயிருந்த ஓர் ஊரின் விளைச்சல் அஸீஸ் என்பது நமது எண்ணம்.

ஏர் சிலோன் 1970களின் இறுதியில் மூடப்பட்டது. அதற்கு முன்னமே கெட்ட காலத்தின் அறிகுறி தென்பட்டது. 1978 செப்டம்பர் 7ஆம் நாள் அந்நிறுவனத்தின் ஆவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையில் தரையில் நிற்கையிலே குண்டு வெடித்து அழிந்தது. உயிர்ச் சேதம் இல்லாமற் போனது இறைவன் அருள். பின்னர் இனக்கலவரங்கள், பின்னர் போர். 1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப் படை வந்து இறங்கியது இந்த ஓடுபாதையில்தான். 1990 மார்ச்சில் அப்படை திரும்பிற்று; ஜூனில் மீண்டும் போர் மூண்டது. விமானத் தளத்தைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்து மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினர். ஆசிரியர்களை உருவாக்கி வந்த பலாலி ஆசிரியர் கலாசாலையும் இடம்பெயர்ந்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் புகைபோக்கி புகையற்று நின்றது. கொழும்பு ரயிலும் நின்றது. ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் ஆயின.

அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் நமது முறை வந்தது. யாழ் நகரின் முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். நகையும் பணமும் உறுதிப் பத்திரங்களும் பறிக்கப்பட்டன. நாம் புத்தளத்தில் ஓலைக் குடிசைக்கு வந்து சேர்ந்தோம். இதனை இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை, பலர் எழுதியுள்ளனர். சொல்ல வேண்டியது ஒன்றே. ஜூனில் விமானத் தளத்தைச் சுற்றியிருந்த உழவன் தன் தோட்டத்தை இழந்தான். அக்டோபரில் நகரின் வணிகனும் தையற்காரனும் தம் தெருவை இழந்தனர். ஒருவனை விரட்டியது பீரங்கி. மற்றவனை விரட்டியது ஒலிபெருக்கி. இருவரும் தமிழிலேயே அழுதார்கள். ஆனால் ஒருவர் அழுகை மற்றவர் செவியில் விழாத காலமாக அது இருந்தது.

போர்க்காலத்தில் பலாலி, படையினரின் உயிர்நாடியாக விளங்கியது. அதன் வானம் ஆபத்தானது. 1995 ஏப்ரல் இறுதியில் அடுத்தடுத்த இரு நாட்களில் இரு போக்குவரத்து விமானங்கள் வீழ்த்தப்பட்டன. பின்னர் பொதுமக்களுக்கும் கொழும்புக்கு விமான சேவை நடந்தது. தரைவழி அடைபட்டிருந்தவர்களுக்கு வேறு கதி ஏது? நோயாளரும் மாணவரும் வெளிநாடு செல்லும் மணப்பெண்களும் அதில் ஏறினர். 1998 செப்டம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் ஏர் விமானம், எழுந்த சிறிது நேரத்தில் கடலில் வீழ்ந்தது. விமானத்திலிருந்த 55 பேரும் மாண்டனர். பல ஆண்டுகள் கழித்தே அதன் சிதைவுகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு விமான நிலையத்தின் வரலாற்றை எழுதுவோர் திறப்பு விழாக்களை மட்டும் குறித்து வைத்தால் போதாது. இவர்களையும் குறிக்க வேண்டும்.

2009இல் போர் ஓய்ந்தது. ரயில் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் மீண்டும் ஓடியது. விமான நிலையத்தின் முறை 2019இல் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் தொடங்கிய திருத்த வேலை மூன்றரை மாதங்களில் நிறைவேற, அக்டோபர் 17ஆம் நாள் சர்வதேச விமான நிலையமாக அது திறந்து வைக்கப்பட்டது. இந்திய அரசின் நிதி உதவியும் அதில் சேர்ந்தது. பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடத்தில் எழுதப்பட்டது. அதுவே சிலருக்குக் கண் உறுத்தலாயிற்று. நமக்கோ கண் குளிர்ந்தது. நவம்பர் 11ஆம் நாள் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. நான்கே மாதங்களில், 2020 மார்ச்சில், கொரோனா நோய்த்தொற்று கதவை அடைத்தது. 2022 டிசம்பர் 12ஆம் நாள் மீண்டும் திறந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்க முன்வந்தது. 2025 மார்ச் 30ஆம் நாள் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வான்பாதை மறுபடி திறந்தது. டக்கோட்டாக் காலத்தின் பாதை, ஒரு தலைமுறைக்கும் மேலாக மூடிக் கிடந்து உயிர் பெற்றது.

வசதிகளைச் சொல்வதென்றால் அதிக நேரம் பிடிக்காது. பழைய ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,300 மீட்டர். 2019இல் அதில் 1,400 மீட்டர் புதுப்பிக்கப்பட்டது. ஆகவே ஏறத்தாழ 70 பேர் அமரும் ஏ.டி.ஆர். 72 போன்ற சுழல்விசிறி விமானங்களே இங்கு வந்து செல்கின்றன. பெரிய ஜெட் விமானங்களுக்கு இந்நீளம் போதாது. ஓடுபாதையின் எண் 05, 23 என்று குறிக்கப்படும். திசைகாட்டியின் பாகைகளில் இறுதிச் சுழியை நீக்கி ஓடுபாதைக்கு எண் இடுவது விமானிகளின் மரபு. 50 பாகை என்றால் வடகிழக்கு. 230 பாகை என்றால் தென்மேற்கு. விமானம் எதிர்காற்றில் எழுவதும் இறங்குவதுமே நலம். இந்நாட்டின் இரு பருவக் காற்றுகளும் வீசுகின்ற திசைகள் அவையே. வாடையையும் தென்மேற்குக் காற்றையும் அறிந்து படகு விட்ட நம் முன்னோரின் கணக்கும், பாதை வகுத்த பிரிட்டிஷ் பொறியியலாளனின் கணக்கும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

திருச்சிச் சேவை ஆரம்பித்த பின்னர் ஒருமுறை நாம் நாகூர் சென்று அவ்வழியே திரும்பினோம். திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்த்தொலைவு 200 கிலோமீட்டருக்கும் குறைவு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரத் தரைவழி 400 கிலோமீட்டர் கடக்க வேண்டும். ஆசனத்தில் அமர்ந்து பிரயாண துஆவை ஓதி, சற்றே கண்ணயர்ந்து எழுந்தால் பனைமரங்கள் தெரிகின்றன. காலமோ ஒரு மணி அளவு. எனினும் ஷாபிஈ மத்ஹபின்படி தூரத்தைக் கொண்டே முஸாபிர் நிலை கணிக்கப்படுவதால், தொழுகையைச் சுருக்கும் சலுகை அப்பிரயாணிக்கும் உண்டு. ஆனால் இறங்கப் போகும் ஊர் பிறந்த ஊராக இருந்தும், அங்கே குடியிருக்க வீடில்லாதவன் முஸாபிரா, ஊர்க்காரனா? இதற்குரிய சட்டத்தை ஆலிம்கள் கூறுவர். உள்ளம் கூறும் விடை வேறு.

இறங்கியதும் விமானத்திலிருந்து கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம். குடிவரவு, சுங்கம், பொதி பெறுமிடம் அனைத்தும் ஒரே கூரையின் கீழ். வரிசை நீளமில்லை. உத்தியோகத்தர் தமிழில் கேட்டார்; தமிழில் விடை சொன்னோம். பெரிய விமான நிலையங்களில் பிரயாணி ஓர் எண். இங்கே முகம் தெரிகிறது. வெளியே வந்தால் வரவேற்க வந்தோர் கூட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. இது வசதிக் குறைவா, வசதியா என்று கேட்டால், அறுபது வயது கடந்தவர்கள் வசதி என்றே சொல்வர்.

அக்கூட்டத்தில் ஒரு முதியவர் நம்மருகே நின்றார். மகள் பிள்ளைகளோடு சென்னையிலிருந்து வருவதாகச் சொன்னார். பேச்சுக் கொடுத்ததில், தளத்தின் அருகே தோட்டம் வைத்திருந்தவர் என்பது தெரிந்தது. நமது கதையையும் கேட்டறிந்தார். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு,

“காக்கா, உங்களுக்குப் போய்ப் பார்க்க இடிஞ்ச வீடெண்டாலும் கிடக்கு. எனக்கு என்ர கிணறு கிடக்கிற திசை தெரியும்; கிட்டப் போக ஏலாது” என்றார்.

“அந்த இடிஞ்ச வீட்டுக்கும் என்னட்ட உறுதி இல்லை, ஐயா” என்றோம்.

அவர் நம் கையைப் பற்றிக்கொண்டார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. 1990இல் கேளாத அழுகை, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு சிறு விமான நிலையத்தின் வாசலில் கேட்கப்பட்டது என்று மட்டும் சொல்லலாம்.

அவருடைய குறை கற்பனையன்று. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். பின்னர் நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2017இல் மயிலிட்டித் துறைமுகமும் மக்களிடம் வந்தது. 2025 ஏப்ரலில் பலாலி வீதியின் அடைபட்டிருந்த பகுதி, பகற்பொழுதில் மட்டும், நிபந்தனைகளோடு திறக்கப்பட்டது. ஆயினும் எஞ்சிய நிலத்துக்காக உரிமையாளர்கள் இன்னும் கேட்டவண்ணம் இருக்கின்றனர். விமான நிலையம் வளர வேண்டும், ஓடுபாதை நீள வேண்டும், பெரிய விமானங்கள் வர வேண்டும் என்பன நியாயமான ஆசைகள். நாமும் விரும்புகிறோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிதறிக் கிடக்கும் யாழ்ப்பாணத்தார் நேரே வந்திறங்கும் நாள் வந்தால் மகிழாதவர் யார்? எனினும், யாருடைய நிலத்தின் மீது என்ற கேள்வியைத் தாண்டி அந்த ஓடுபாதை நீளக்கூடாது.

இங்கே நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தடைந்து பள்ளிவாசல் கட்ட நாடியபோது, ஒட்டகம் மண்டியிட்ட நிலம் ஸஹ்ல், ஸுஹைல் எனும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியதாயிருந்தது. சிறுவர்கள் நிலத்தை இனாமாகவே தர முன்வந்தனர். பெருமானார் அதை ஏற்கவில்லை. விலை கொடுத்தே பெற்றனர். இறையில்லத்துக்காகவும், கேட்டவர் இறைத்தூதராயிருந்தும், கொடுப்போர் மனமுவந்து கொடுத்தும், உரிமையாளனின் உரிமை அங்கே மதிக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த பள்ளிவாசல்களில் ஒன்று அவ்வாறு எழுந்ததென்றால், ஓர் ஓடுபாதைக்கு வேறு சட்டம் இருக்க முடியுமா? அளந்து, கேட்டு, தக்க விலை கொடுத்து, கொடுக்க மனமில்லாதவனின் நிலத்தைத் திருப்பிக் கொடுத்த பின்னர் நீட்டப்படும் பாதையே பரக்கத் உடையது. இதை நாம் உழவனுக்காக மட்டும் சொல்லவில்லை. சோனகத் தெருவில் உறுதியில்லாமல் இடிந்து கிடக்கும் வீடுகளுக்கும் இதே சட்டம்தான். பிறர் உரிமைக்காக வாய் திறவாதவன் தன் உரிமையைக் கேட்கும்போது அவன் குரலுக்கு வலு இராது.

விமான நிலையம் என்பது போவதற்குரிய இடம் என்றே பலர் கருதுகின்றனர். பலாலியிலிருந்து போனவர்கள் ஏராளம். அதன் ஓடுபாதை போவோரைச் சுமந்தே தேய்ந்தது. அது திரும்பி வருவோரின் இடமாக வேண்டும். இழந்தவன் திரும்பி வந்து, தன் கிணற்றில் நீர் இறைத்துக் குடித்து, தன் பள்ளியில் பாங்கொலி கேட்டு, தன் பிள்ளைகளுக்கு இதுதான் நம் வாசல் என்று காட்டும் நாளில்தான், அப்பெயர்ப் பலகையின் முதல் வரியில் எழுதப்பட்ட தமிழ் முழுப்பொருள் பெறும். அந்த நாளை வல்ல அல்லாஹ் நம் வாழ்நாளிலேயே காட்டியருள்வானாக! ஆமீன்.